ஆரோக்கியம்மாள் கையெழுத்துப் போடாத கடிதம்

வெள்ளாறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, கிள்ளைக்குப் போகும் சாலையை விட்டு இறங்கி நடந்தால், சின்னத்திட்டு என்று ஒரு மணல்மேடு வரும். அறுபது வீடுகள். அங்கே குடியிருப்பவர்கள் கடலுக்குப் போவதில்லை. கழிமுகத்துக்குள்ளேயே எறாலும் நண்டும் மடவையும் பிடித்துச் சிதம்பரம் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர்கள். கடலுக்குப் போகிற குப்பத்துக்காரர்கள் இவர்களை மீனவர்கள் என்று ஒப்புக்கொள்வதில்லை. அரசாங்கப் பதிவேட்டிலும் வெகுகாலம் விவசாயக் கூலிகள் என்றுதான் எழுதியிருந்தது.

ஆரோக்கியம்மாள் இந்தத் திட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. கீரப்பாளையம் பக்கம் நெல்வயல்களுக்கு நடுவே பிறந்தவள். உப்புத்தண்ணீரை அதற்கு முன் பார்த்ததில்லை. வந்த முதல் வாரமே மற்றப் பெண்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி எறால் பிடிக்கப் பழகிவிட்டாள். அதைவிடச் சீக்கிரமாகச் சண்டை போடப் பழகிக்கொண்டாள் என்று அவள் கணவன் ராஜவேல் சொல்வான். எடையில் கை வைக்கும் வியாபாரியை அவள் விட்டதில்லை. பிரசங்கத்தை ஒன்றரை மணி நேரம் இழுத்த உபதேசியாரையும் விட்டதில்லை. தண்ணீருக்கு அந்தக் கரையில் இருப்பவர்களோடு பேசிப் பேசிக் குரலும் பெரிதாகிவிட்டிருந்தது. வீட்டுக்குள் ரகசியம் பேசினாலும் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும்.

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது ராஜவேல் ஒரு சுரபுன்னை மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் தப்பினான். பிழைத்தான், ஆனால் வலது கை தோள்மூட்டிலிருந்து நழுவிப்போனது. சிதம்பரத்தில் வைத்தியம் பார்த்துக் கை சேர்ந்தாலும் காதுக்கு மேல் உயரவில்லை. துடுப்புப் போட முடியாத ஆம்பளைக்குக் கழிமுகத்தில் என்ன வேலை? அடுத்த வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் அவன் பேரில் ஒரு மஞ்சள் ஃபைபர் படகைக் கொடுத்தபோது, அது இரண்டு மாதம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. ஒருநாள் காலையில் ஆரோக்கியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகைப் புரட்டினாள்.

"மாமா, வலைய எடுத்துக்கிட்டு ஏறு."

"யாரு தள்ளறது?"

"நான் தள்றேன். நீ வலைய போடு. அதுக்கு ஒரு கை போதும்ல?"

திட்டில் பெண்கள் தண்ணீரில் இறங்குவது உண்டு; படகு ஓட்டியது கிடையாது. முதல் பத்து நாள் கரையில் நின்று சிரித்தார்கள். படகு சேற்றில் செருகியபோதும், காற்றில் திரும்பிக்கொண்டு தானாகப் பரங்கிப்பேட்டைப் பக்கம் போனபோதும் சிரித்தார்கள். மூன்றாவது மாதம் அவள் கொண்டுவந்த எறாலைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது.

நிவாரணப் படகுகள் வந்த வேகத்தில் கழிமுகம் நிரம்பிக்கொண்டே போனது. ஒரு நிறுவனம் மஞ்சள் படகு, ஒன்று நீலம், மூன்றாவதாக வந்தவர்கள் வெள்ளை. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நாற்பது படகு கிடந்த இடத்தில் இருநூறு கிடந்தது. இரண்டு மூன்று வரிசையாகக் கட்டினார்கள். 2008 ஐப்பசியில், அடைமழையில் கடலிலிருந்து திரும்பிய பெரிய விசைப்படகு ஒன்று வழி தெரியாமல் அந்த வரிசையில் மோதியது. இரண்டு படகு உடைந்தது, வலை அலசிக்கொண்டிருந்த ஒருவருக்குக் கால் முறிந்தது.

படகு நிறுத்த ஒரு ஒழுங்கு வேண்டும் என்று அப்போதுதான் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். ஆரோக்கியம்மாளும் வேண்டும் என்றுதான் சொன்னாள். உடைந்த படகுகளில் ஒன்று அவளுடையதற்குப் பக்கத்தில் கட்டியிருந்த படகு.

கழிமுகப் படகு ஒழுங்குக் குழு என்று ஒன்று அமைந்தது. விசைப்படகுக்காரர்களில் மூன்று பேர், அதிகாரிகள் சிலர், கரையோரச் சொத்து உடையவர்கள் சார்பில் ஒருவர். அந்த ஒருவர் சபேசன். பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிதம்பரம் கீழவீதிக்காரர். வெள்ளாற்றின் தென்கரையில் எட்டு அறை கொண்ட விருந்தினர் விடுதி ஒன்றைக் கட்டியிருந்தார். அவருடைய விளம்பரத்தில் சூரிய உதயமும் அமைதியான நீர்ப்பரப்பும் இருந்தன. நிஜத்தில் விருந்தாளிகள் காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு மஞ்சள் படகும், அதில் காயும் வலையும், அதன் ஓரத்தில் பல் விளக்கும் ராஜவேலும்தான் தெரிந்தார்கள்.

திட்டுக்காரர்கள் அங்கே படகு கட்டியதற்குக் காரணம் இருந்தது. விடுதியின் சுவருக்கு எதிரே ஆறு வளைந்து ஒரு மடு இருந்தது. எந்த வற்றத்திலும், கடல் எவ்வளவு உள்வாங்கினாலும், அங்கே ஆளுயரத் தண்ணீர் நிற்கும். பதினொரு படகுகள் அங்கேதான் கிடக்கும்.

2009 மார்ச்சில் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. திட்டிலிருந்து எட்டுப் பேர் போனார்கள். ஆரோக்கியம்மாள் ஒருத்திதான் பெண். மேடையில் குழுத் தலைவர் ராமாமிர்தம் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, மடித்த கைக்குட்டை, எதையும் தாளில் இருக்கிறபடியே வாசிக்கிற மனிதர். பேச விரும்புகிறவர்கள் படகின் பதிவு எண்ணைச் சொல்லிவிட்டு மூன்று நிமிடம் பேசலாம் என்று வாசித்தார்.

விசைப்படகுக்காரர்கள் எண்ணைச் சொல்லிப் பேசினார்கள். வழி வேண்டும் என்றார்கள், நியாயம்தான். சபேசன் எண் இல்லாமலே பேசினார். நீர்வழி என்பது போவதற்கும் வருவதற்கும்தான், குடித்தனம் நடத்துவதற்கு அல்ல என்றார். கைதட்டினார்கள். ஆரோக்கியம்மாள் எழுந்தாள்.

"பதிவு எண்?" என்று கேட்டார் ராமாமிர்தம்.

"எங்க படகுக்கு நம்பரு இல்லீங்க சார். கழிமுகத்துப் படகுக்கு நீங்க குடுக்கறதில்ல."

"எண் இல்லாதவங்க பேச முடியாதும்மா. எழுதிக் குடுங்க."

"நம்பரு இல்லாத படகு வழிய அடைக்குதுன்னு தெரியுது. நம்பரு இல்லாத வாயி மட்டும் பேசக்கூடாதா?"

மண்டபம் சிரித்தது. ராமாமிர்தம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்தவர் என்றார். அவள் உட்காரவில்லை. அடுத்தவர் பேசி முடிக்கும் வரைக்கும், அதற்கு அடுத்தவர் பேசி முடிக்கும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தாள். கூட்டம் கலைகிறபோதும் நின்றுகொண்டிருந்தாள். ராஜவேல் வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனான். பஸ்ஸில் ஏறியபின்தான் உட்கார்ந்தாள்.

ஜூன் மாதம் தற்காலிக விதிகள் வந்தன. கிள்ளைப் பக்கத்துச் சுவர்களில் ஒட்டினார்கள். கழிமுகத்தில் பெரிய படகுகள் போய்வரும் கால்வாயின் நடுவழியில் யாரும் நங்கூரம் போடக்கூடாது, சரி. கரையோரக் கட்டிடங்களுக்கு நூறு மீட்டருக்குள் கட்டக்கூடாது. கழிமுகப் படகுகள் எல்லாவற்றையும் இனி மேற்கு வளைவில் நிறுத்த வேண்டும்.

கொளஞ்சியப்பன் அதைச் சத்தமாக வாசித்தான். ராஜவேலுக்குக் கூட்டாளி, திட்டின் பெரிய படகு அவனுடையது. வாசித்துவிட்டு, "மேற்கு வளைவா?" என்று மறுபடியும் வாசித்தான்.

"வத்தத்துல அங்க கொக்குதான மச்சான் நிக்கும்," என்றான் ராஜவேல்.

மேற்கு வளைவில் ஏற்றத்தின்போது பார்த்தால் ஏரி மாதிரி இருக்கும். வற்றத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது; தொடையளவு சேறு. ஒரு நாளில் இரண்டு தடவை, நாலைந்து மணி நேரம், படகு அங்கே சேற்றில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். எறாலோ வற்றத்தில்தான் நன்றாக விழும். வரைபடம் போட்டவர் ஏற்றத்தில் வந்து பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

பத்துப் படகுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே மேற்கு வளைவுக்குப் போனார்கள். ஆரோக்கியம்மாள் போகவில்லை. மூங்கில் முளையில் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். இரண்டு முறை நோட்டீஸ் வந்தது. வாங்கிப் படகின் பலகைக்கு அடியில் செருகினாள். ஜூலை முதல் வாரத்தில் ஒரு காலை, குழுவின் ஆட்கள் மோட்டார் படகில் வந்து கயிற்றை வெட்டி மஞ்சள் படகை இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் அப்போது கழுத்தளவுத் தண்ணீரில் நின்று வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். நீந்திப் போய்ப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முந்நூறு அடி தூரம் அவளையும் சேர்த்து இழுத்தார்கள். கையில் தோல் உரிந்தபின்தான் விட்டாள்.

படகைக் கடலூர் முதுநகரில் ஒரு வாடகைக் கொட்டகையில் போட்டிருப்பதாகத் தகவல் வந்தது. ஆரோக்கியம்மாளும் ராஜவேலும் பஸ் ஏறிப் போனார்கள். கொட்டகையில் இருந்த எழுத்தர் தங்கமானவர். உட்காரச் சொல்லி டீ வாங்கிக்கொடுத்தார். பிறகு டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார்.

"இது மன்னிப்புக் கடிதம்மா. கீழ ஒரு கையெழுத்து. இன்னிக்கே படகு ஒங்களுது. அபராதம்கூட இல்ல."

"எதுக்கு மன்னிப்பு?"

"அது ஒரு ஃபார்மாலிட்டி."

"நான் என்னா தப்பு செஞ்சேன்னு சொல்லுங்க. இருந்தா போடறேன்."

எழுத்தர் ராஜவேலைப் பார்த்தார். ராஜவேல் தாளைப் பார்த்தான். "போட்டுடு ஆரோக்கியம்," என்றான் மெதுவாக.

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அன்று மாலை திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மகள் பிரிசில்லா வந்தாள். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அரசாங்க வேலைக்கு எழுதிப்போட்டு, தேர்வாகி, போலீஸ் விசாரணைக்காகக் காத்திருந்தாள். அம்மா படகோடு இழுபட்ட கதையைப் பஸ்ஸில் யாரோ சொல்லக் கேட்டு வந்திருந்தாள்.

"கேஸு கீஸு போட்டாங்கன்னா என்னா ஆவும்னு யோசிச்சியாம்மா? நம்ம வூட்டு அட்ரஸுக்கு வந்து விசாரிப்பாங்க. அம்மா மேல கேஸுன்னு எழுதிட்டுப் போவாங்க. நாலு வருஷம் படிச்சது எதுக்கு?"

ஆரோக்கியம்மாள் உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு கையெழுத்துமா. ஒரே ஒரு கையெழுத்து."

"சரி," என்றாள் ஆரோக்கியம்மாள். மடித்த தாளை எடுத்து மகளிடம் நீட்டினாள். "எனக்கு இந்த எழுத்து பொடிசா இருக்கு. நீ படிச்சிட்டு, போடலாம்னு சொன்னா நான் போடறேன். சத்தியமா போடறேன். ஆனா முழுசா படி."

பிரிசில்லா படித்தாள். முதல் பத்தி, விதியை மீறினேன், வருந்துகிறேன் என்றது. இரண்டாம் பத்தி, இனி மீறமாட்டேன் என்றது. கடைசி வரி கொஞ்சம் நீளம். அதை வாய்க்குள் இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை சத்தமாகப் படித்தாள். 'மேற்படி நீர்வழியில் எனக்கோ, என் வாரிசுகளுக்கோ, படகு நிறுத்தும் உரிமையோ மீன்பிடி உரிமையோ எக்காலத்திலும் இருந்ததில்லை என்றும், இனியும் கோரமாட்டோம் என்றும் ஒப்புக்கொள்கிறேன்.'

பிரிசில்லா தாளைக் கீழே இறக்கினாள்.

"வாரிசுன்னா நான்தானே," என்றாள் பிரிசில்லா.

"வேற யாரு இருக்கா?"

"என்னைக் கேக்காம என் பேருல எப்படிம்மா எழுதுவாங்க?"

ராஜவேல் எழுந்து வந்து அந்த வரியைத் தடவிப் பார்த்தான். இருந்ததே இல்லை என்ற இடத்தில் விரல் நின்றது. அவனுடைய அப்பா அந்த ஆற்றில் எறால் பிடித்துத்தான் அவனை வளர்த்தார். கொட்டகையில் "போட்டுடு" என்று சொன்ன வாயால் அதன் பிறகு அவன் அதைச் சொல்லவில்லை.

அந்த ராத்திரியே வேலைக்குத் திரும்ப வேண்டிய பிரிசில்லா, லீவு சொல்லிவிட்டுத் தங்கினாள். மறுநாள் காலையில் ஒரு நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். எந்தத் திதியில் மேற்கு வளைவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வற்றும், எத்தனை மணிக்குத் திரும்பும், மடுவில் எவ்வளவு நிற்கும் என்று முப்பது நாளுக்கும் எழுதினாள். அதோடு, கழிமுகப் படகுகளுக்குப் பதிவு எண் கொடுங்கள் என்றும், கால்வாயின் நடுவழியை அடைக்க மாட்டோம் என்றும் எழுதினாள். அறுபது வீட்டிலும் கையெழுத்து வாங்கினாள். மனு நான்கு பக்கம் வந்தது.

படகு இல்லாத எழுபது நாளும் ஆரோக்கியம்மாள் பழையபடி தண்ணீரில் இறங்கிக் கையால் எறால் பிடித்தாள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சபேசனின் விடுதிக்கு எதிரேயே பிடித்தாள். படகை நிறுத்தக்கூடாது என்றுதானே விதி, ஆள் நிற்கக்கூடாது என்று எங்கும் எழுதவில்லையே. விருந்தாளிகள் காலையில் ஜன்னலைத் திறந்தால் இப்போது தண்ணீருக்கு மேல் ஒரு தலை மட்டும் தெரிந்தது. சிலர் புகைப்படம் எடுத்தார்கள். அவள் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நல்லா எடுங்க, பேரு ஆரோக்கியம்மா, படகத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு கீழ எழுதுங்க," என்று கத்துவாள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் இரண்டாவது கூட்டம். இந்த முறை பிரிசில்லா மனுவை நீட்டியபோது ராமாமிர்தத்தால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. எழுதிக் கொடுங்கள் என்று சொன்னவர் அவர்தான். திதியும் மணியும் போட்ட பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். நேரில் வந்து பார்வையிடுவதாகச் சொன்னார். ஆவணி அமாவாசை அன்று காலை என்று தேதியும் குறித்தார்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வாங்க சார்," என்றாள் ஆரோக்கியம்மாள். "அப்பதான் தெரியும்."

"எங்களுக்குச் சௌகரியப்பட்ட நேரத்துலதாம்மா வர முடியும்."

பத்து மணி என்றவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். ராமாமிர்தம், சபேசன், அளப்பதற்கு ஒரு சர்வேயர், கூட இரண்டு அலுவலர்கள். எல்லோரையும் கொளஞ்சியப்பன் தன் பெரிய படகில் ஏற்றினான். ஆரோக்கியம்மாள் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். மேற்கு வளைவில் தண்ணீர் பளபளவென்று கிடந்தது.

"இங்க என்ன குறை?" என்றார் சபேசன். "ஐம்பது படகு நிக்கலாமே."

சர்வேயர் அளவுகோலை இறக்கிப் பார்த்து நாலடி என்றார். ராமாமிர்தம் எழுதிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் உள்ளே போகச் சொன்னார். அங்கேயும் அளந்தார்கள். எங்கே முளை நடலாம், படகுக்கும் படகுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பேச்சு நீண்டது.

"சார், தண்ணி எறங்குது. கெளம்பலாம்," என்றாள் ஆரோக்கியம்மாள்.

"இரும்மா, வேலை நடக்குது."

கால் மணி கழித்து மறுபடியும் சொன்னாள். கொளஞ்சியப்பனும் சொன்னான். எங்களை அவசரப்படுத்தி அனுப்பப் பார்க்கிறாய் என்றார் சபேசன். அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை. கொண்டுவந்த புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவக் குனிந்த அலுவலரின் கைக்குத் தண்ணீர் எட்டவில்லை.

கொளஞ்சியப்பன் கழியை ஊன்றித் தள்ளினான். படகு ஒருமுறை முனகிவிட்டு உட்கார்ந்தது.

ஒரு மணிக்கெல்லாம் சுற்றிலும் சேறு. தண்ணீர் இருந்த இடத்தில் நண்டுகள் ஓடின. கரை இருநூறு கெஜம் தள்ளி இருந்தது. ஒரு அலுவலர் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார். தொடைவரை போனதும் அலறினார். இரண்டு பேர் சேர்ந்து அவரை இழுத்துப் போட்டார்கள். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது.

"எப்ப தண்ணி வரும்?" என்று ராமாமிர்தம் கேட்டார்.

"மனுவுல மூணாம் பக்கத்துல இருக்கு சார். அமாவாசைக்கு அஞ்சரை."

அவர் பையிலிருந்து மனுவை எடுத்தார். மூன்றாம் பக்கத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரே ஒரு குடை இருந்தது. அதை வயதில் மூத்தவர் என்று சபேசனிடம் கொடுத்தார்கள்.

ஆரோக்கியம்மாள் படகிலிருந்து இறங்கினாள். எங்கே கால் வைத்தால் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். சேற்றில் பத்து அடி போய் நின்று, படகிலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இதுதான் சார் நீங்க எங்களுக்குக் குடுத்த எடம். ஒரு நாளைக்கு ரெண்டு தபா இப்படி. இதுல கட்டலன்னுதான் என் படகத் தூக்கிட்டுப் போனீங்க. இதுல கட்டலன்னுதான் மன்னிப்புக் கேளுன்னீங்க. நான் ஜாஸ்தியா எதுவும் கேக்கல. நீங்க இங்க ஒரு வாரம் கட்டிக் காட்டுங்க, நான் கேக்கறேன் மன்னிப்பு."

ராமாமிர்தம் குனிந்து எழுத ஆரம்பித்தார். கொளஞ்சியப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

மூன்று மணி வாக்கில் சபேசன் குடைக்குள்ளிருந்து கேட்டார். குரலில் பழைய வேகம் இல்லை.

"எங்க வாசலுக்கு நேராவே ஏம்மா கட்டணும்? வேற எடமே இல்லையா?"

"ஒங்க வாசலு மூணு வருஷமாத்தான் சார் அங்க இருக்கு. மடு அதுக்கு முன்னாடியே இருக்கு. நீங்க வீடு கட்டறப்போ எங்களைக் கேட்டீங்களா? நாங்களும் கேக்கலியே, இங்க ஏன் கட்டறீங்கன்னு."

"என்னோட விருந்தாளிங்க..."

"அவுங்களுக்கு வாடை அடிக்குது. தெரியும் சார். வலைய வேற பக்கம் காய வைக்கறோம். படிக்கட்டுக்கு எதிர்ல வேணாம், தள்ளிக் கட்டறோம். அதெல்லாம் நீங்க வந்து கேட்டிருந்தா அன்னிக்கே செஞ்சிருப்போம். நீங்க நேரா சிதம்பரத்துக்குப் போயிட்டீங்க."

சபேசன் குடையைக் கொஞ்சம் சாய்த்து வெயிலில் இருந்த ராமாமிர்தத்துக்கும் நிழல் கொடுத்தார்.

ஐந்தே முக்காலுக்குப் படகு மிதந்தது.

செப்டம்பர் நடுவில் மஞ்சள் படகு திரும்பி வந்தது. கையெழுத்துக் கேட்கவில்லை. கொட்டகையில் எதன்மேலோ உராய்ந்து அடிப்பக்கம் ஒரு முழத்துக்குக் கீறல் விழுந்திருந்தது. ராஜவேல் ஒற்றைக் கையாலேயே பிசின் பூசி அடைத்தான். பிரிசில்லாவின் போலீஸ் விசாரணைக்கு ஒரு ஏட்டு வந்தார். அம்மா பேரில் வழக்கு எதுவும் பதிவாகவில்லை. ஆனாலும் அவர், "அந்தச் சேத்துல ஒக்கார வச்ச அம்மாவா நீங்க?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் சிரித்துவிட்டுப் போனார். வேலை உத்தரவு எட்டு மாதம் தாமதமாக வந்தது. அதற்குக் காரணம் அம்மாவா, இல்லை எல்லோருக்குமே அப்படித்தானா என்று பிரிசில்லாவுக்குக் கடைசி வரை தெரியவில்லை. அவள் அம்மாவிடம் அதைப்பற்றிக் கேட்டதும் இல்லை.

நிரந்தர விதிகள் வர 2011 ஆனது. அதற்குள் இன்னும் இரண்டு கூட்டங்கள் நடந்தன. மேற்கு வளைவு பட்டியலில் இல்லை. மடுவில் பதினைந்து படகுவரை கட்டலாம். விடுதிப் படிக்கட்டிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி. சபேசன் ஐம்பது கேட்டார், திட்டுக்காரர்கள் இருபது என்றார்கள், முப்பதில் நின்றது. திட்டுக்காரர்கள் கேட்ட எல்லாமும் கிடைக்கவில்லை. கால்வாய் ஓரத்தில் மழைக்காலத்தில் கட்டும் இடம் ஒன்று போய்விட்டது. அதற்காக ஆரோக்கியம்மாள் இரண்டு கூட்டத்திலும் தொண்டை கிழியப் பேசித் தோற்றாள். கழிமுகப் படகுகளுக்கும் பதிவு எண் தருவது என்று மட்டும் முடிவானது.

பதிவு செய்ய ஒரு பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டிருந்தார்கள். ராமாமிர்தமே உட்கார்ந்து எழுதினார். சின்னத்திட்டுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ஆரோக்கியம்மாளின் முறை வந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கம்மா. ஒங்களைத் தெரியாதா? மஞ்சள் படகு. உரிமையாளர் ராஜவேல். எழுதிட்டேன்."

"எழுதுனத காட்டுங்க சார்."

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். உரிமையாளர் என்ற இடத்தில் ராஜவேல் என்றும், ஓட்டுநர் என்ற இடத்தில் ராஜவேல் என்றும் இருந்தது.

"அவரு கை மேல எழும்பாது சார். இந்தப் படக ஆறு வருஷமா தள்றது நான்."

"நிவாரணத்துல அவர் பேர்லதானேம்மா குடுத்திருக்காங்க. குடும்பத் தலைவர் பேர்ல இருந்தா ஒண்ணும் குத்தமில்ல. வரிசை நிக்குது பாருங்க."

ராஜவேல் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். "சார்," என்றான். "அவ பேரையே எழுதுங்க. நான்தான் சொல்றேன்."

"எழுதியாச்சேப்பா. அடிச்சா அசிங்கமா இருக்கும்."

ஆரோக்கியம்மாள் மேஜையின் மேல் இரண்டு கையையும் ஊன்றினாள். பின்னால் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. யாரோ சீக்கிரம் என்று குரல் கொடுத்தார்கள்.

"இருக்கட்டும் சார், அசிங்கமாவே இருக்கட்டும். அடிச்சிட்டு எழுதுங்க."

ராமாமிர்தம் பேனா மூடியைத் திறந்தார். இரண்டு இடத்திலும் கோடு போட்டு அடித்தார். மேலே பொடியாக எழுதத் தொடங்கியவர், அவள் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினார்.